எந்தப் படியில் நிற்கிறது? வீட்டில் கம்ப்யூட்டர் சேர்த்து லினக்ஸ் போடுபவர்களுக்கு

பவர் பட்டனை அழுத்தியதில் இருந்து திரையில் டெஸ்க்டாப் வரும் வரை ஒரு கம்ப்யூட்டர் சில படிகளை வரிசையாகத் தாண்டுகிறது. முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, கரண்ட் கொடுக்க வேண்டும். அடுத்து மதர்போர்டு, தன்மேல் பொருத்தியிருக்கும் பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று பார்க்கும். அப்புறம் போர்டிலேயே பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்ற புரோகிராம், அதாவது நாம் இன்னமும் பழக்கத்தில் பயாஸ் என்று சொல்வது, டிஸ்க்கைத் தேடும். டிஸ்க்கில் இருக்கும் கிரப் என்ற சின்ன புரோகிராம், விண்டோஸுக்குப் பதிலாக நாம் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸின் மையப் பகுதியை, அதாவது கர்னலை, எடுத்து ஓட விடும். கர்னல், ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் டிரைவர்களை ஏற்றும். கடைசியில்தான் லாகின் திரை.

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை" என்று சொன்னால் இவற்றில் எது நின்றது என்று யாருக்கும் புரியாது. எந்தப் படியில் நின்றது என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. ஒரு படி ஒழுங்காக ஓடுகிறது என்று பார்த்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

புதிதாக எதுவும் வாங்கப் போவதில்லை, வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும் என்பவர்கள் அடுத்த இரண்டு பகுதிகளைத் தாண்டிப் போகலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் மெஷின்கள் லினக்ஸில் நன்றாகவே ஓடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற எந்தச் செலவும் அந்த அளவுக்கு வித்தியாசம் காட்டாது.

வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டியவை

இன்டர்நெட், ஆபீஸ் வேலை, புரோகிராமிங் பழகுவது, படம் பார்ப்பது, இவ்வளவுதான் தேவை என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் பிராசசர் போதும்: ரைசன் 5 5600ஜி, அல்லது இன்டெல் ஐ3 12100 போன்ற ஒன்று. 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி.

இங்கே எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட் ரைசனில் இது தலைகீழ். ஜி இருந்தால்தான் உண்டு. எஃப் மாடல் கொஞ்சம் விலை குறைவு என்பதால் கொட்டேஷனில் அது எளிதாக நுழைந்துவிடும். வீட்டுக்கு வந்து எல்லாம் மாட்டிய பிறகு மானிட்டரில் ஒன்றும் வராது. பழுது எதுவும் இல்லை, படம் வர வழியே இல்லை, அவ்வளவுதான்.

தனி கார்டு வேண்டும் என்றால், லினக்ஸுக்கு ஏஎம்டி சுலபம். ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்குமான டிரைவர்கள் கர்னலிலேயே இருக்கின்றன, போட்டவுடன் ஓடும். என்விடியாவுக்கு அந்தக் கம்பெனியின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். ஏஐ மாடல்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அந்தச் சிரமம் தகும். மற்றவர்கள் முதல் மெஷினிலேயே அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

வைஃபையில் இன்டெல் சிப் இருக்கும் போர்டு அல்லது கார்டாகப் பாருங்கள். நகம் அளவு யூஎஸ்பி வைஃபை டாங்கிள்களில் சில மாடல்கள் லினக்ஸில் உடனே ஓடும், சில ஓடவே ஓடாது. பெட்டியின் மேல் பெயர் ஒன்றாகவே இருந்தும் உள்ளே சிப் மாறியிருப்பதுண்டு.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு சேர்ந்து வருகிற விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எத்தனை வாட் என்று அச்சிட்டிருந்தாலும் அதை நம்ப முடியாது. தனி கார்டு இல்லாத மெஷினுக்கு 450 வாட், கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரை உள்ளது ஒன்று போதும். கூடவே ஒரு 600 விஏ யூபிஎஸ். கரண்ட் போனால் ஒழுங்காக ஷட்டவுன் செய்ய அது நேரம் தரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குக்குக் கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

இன்னொன்று, பணம் செலவழிக்கும் முன் வீட்டு பிளக் பாயின்டைப் பாருங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கப் பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் இரும்புப் பகுதியைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தைத்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே மற்றதெல்லாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில்

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த இடம்; அண்ணா சாலையில் இருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் உள்ளே போகிற தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வார நாளில், மதியத்துக்கு முன் போவது நல்லது.

பார்ட் பார்ட்டாக, முழு மாடல் எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "ஒரு நல்ல சிஸ்டம் போட்டுக் குடுங்கண்ணா" என்று கேட்டால் கடையில் தேங்கியிருப்பது உங்கள் தலையில் வந்து சேரலாம். தாளை நீட்டி மூன்று கடைகளில் ஒரே நாளில் கொட்டேஷன் வாங்குங்கள். ரேம், எஸ்எஸ்டி விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் போன வாரம் கேட்ட விலையை வைத்துப் பேரம் பேச முடியாது. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், வேணுமா சார்?" என்று கேட்பார்கள். வேண்டும். 18 சதவீதம் கசக்கத்தான் செய்யும், ஆனால் சீரியல் எண் போட்ட பில் இல்லாமல் கம்பெனி வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது. கடை வாரண்டி வேறு, கம்பெனி வாரண்டி வேறு. எது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கடையிலேயே மாட்டிக் கொடுக்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டப் பழகுவதற்குத்தானே போகிறோம்.

அதே தெருவில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்களும் கிடைக்கும். கம்பெனிகள் மொத்தமாக மாற்றும்போது வெளியே வருபவை. பழகுவதற்கு இவை அருமையான சரக்கு, விலையும் குறைவு. ஒரு குறை உண்டு. பெரிய கம்பெனிகளின் பிராண்டட் மெஷின்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டு கனெக்டரும் வழக்கமான அளவில் இருக்காது. எஸ்எம்பிஎஸ் போனால் அதே மாடலையே தேட வேண்டும். இவற்றுக்குப் பெரும்பாலும் சில நாள் டெஸ்டிங் வாரண்டிதான் தருவார்கள், அதனால் வாங்கிய அன்றைக்கே மெமரி டெஸ்ட் ஓட விடுங்கள்.

கேபினெட்டுக்கு வெளியே முதல் ஓட்டம்

புதியவர்கள் எல்லோரும் கேபினெட்டுக்குள் முழுவதும் பொருத்தி, ஒயரை எல்லாம் அழகாகக் கட்டி முடித்த பிறகுதான் பட்டனை அழுத்துகிறார்கள். ஓடவில்லை என்றால் அத்தனையும் பிரிக்க வேண்டும். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்து முதலில் ஓட்டிப் பாருங்கள்.

பிராசசரின் மூலையில் உள்ள சின்ன முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே பக்கம் வர வேண்டும். அமுக்க வேண்டாம், சரியாக வைத்தால் தானாக உட்காரும். அதோடு வரும் கூலரின் அடியில் பேஸ்ட் தடவியே இருக்கும், மேலும் தடவ வேண்டியதில்லை. கூலர் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் பின்னில் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதாக இருந்தால் பிராசசர் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். இந்த முதல் ஓட்டத்துக்கு ஒன்று போதும், இரண்டாவதில். கிளிப் டக்கென்று மூடும் வரை அழுத்த வேண்டும். இதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும், பயப்படாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து இரண்டு ஒயர். பெரிய 24 பின் ஒயரை யாரும் மறப்பதில்லை. பிராசசர் பக்கத்தில் மூலையில் இருக்கும் 8 பின் இணைப்பைத்தான் மறப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், வேறு ஒன்றும் நடக்காது. மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் இணைத்து, பவர் ஸ்விட்ச் என்று குறித்திருக்கும் இரண்டு பின்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். அந்தப் பின்களில் ஓடுவது மிகக் குறைந்த வோல்ட், ஷாக் அடிக்காது. பட்டன் செய்வதும் அதே வேலைதான்.

டிடிஆர்5 ரேம் என்றால் முதல் முறை சில நிமிடங்கள் கறுப்புத் திரையாகவே இருக்கலாம். போர்டு ரேமின் வேகத்தைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. நடுவில் அணைக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பயாஸ் திரை வந்து பிராசசர் பெயரும் ரேம் அளவும் சரியாகத் தெரிந்தால் இரண்டு படி தாண்டியாயிற்று. வரவில்லை என்றால் போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விளக்கு இல்லாத போர்டுக்கு, பின்னில் செருகும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பீப் எத்தனை முறை வருகிறது என்பதன் அர்த்தம் போர்டின் கையேட்டில் இருக்கும். ரேம் சிக்கல்தான் அதிகம். எடுத்து மறுபடி மாட்டுங்கள், ஸ்லாட் மாற்றுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோர வீடுகளில் பழைய மெஷின் திடீரென்று எழவில்லை என்றால் உப்புக் காற்றில் ரேமின் முனைகள் கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மாட்டினால் பல சமயம் எழுந்துவிடும். நம்மூர் மெக்கானிக்குகள் முதலில் செய்வதும் இதைத்தான்.

அதுவும் நடக்கவில்லை என்றால், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி ஓடிவிட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

ஓடிய பிறகு கேபினெட்டுக்குள். ஸ்டாண்டாஃப் எனும் பித்தளைக் குமிழ்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று இருந்தால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும்.

லினக்ஸுக்கு முன் ரேம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு "லினக்ஸ் அடிக்கடி ஹேங் ஆகிறது" என்று எழுதுகிறார்கள். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச, திறமூல புரோகிராமைப் பென் டிரைவில் எழுதி, இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் ஆகாது. சிவப்பு வரி தெரியும் திரையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போனால் கடையில் வாக்குவாதம் குறையும். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், சில நேரம் குற்றம் அதன் மேல்தான் இருக்கும்.

எந்த லினக்ஸ், எப்படி எழுதுவது

லினக்ஸ் பல வகைகளில் வருகிறது; புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட். காரணம் எளிது: விண்டோஸ் பழகிய கைக்கு மெனு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மின்ட் 22 வரிசை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும். 1993-இல் தொடங்கிய டெபியன் இன்னும் நிதானமானது. கொஞ்சம் பழகிய பிறகு அதற்குப் போகலாம். நம் வீடுகளில் பலருக்கு லினக்ஸ் ஏற்கெனவே கண்ணில் பட்டதுதான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம். ஆன் செய்ததும் வரும் பட்டியலில் அம்புக்குறியை நேராக விண்டோஸுக்குக் கொண்டுபோனவர்கள்தான் அதிகம்.

மின்ட் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு மின்ட்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்குங்கள். இறக்கியதன் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடச் சோம்பல்படாதீர்கள். பாதியில் நெட் அறுந்து குறையாக இறங்கிய கோப்பு, நிறுவும்போது புரியாத பிழைகளைத் தரும். கோப்பை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. விண்டோஸில் இருந்தால் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு எழுத வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் தாராளம். அதில் உள்ள பழையதெல்லாம் அழிந்துபோகும், எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினை ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஏசஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்கில் எஃப்11, ஜிகாபைட்டில் எஃப்12. டெல், லெனோவாவிலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பட்டியலில் பென் டிரைவ் இரண்டு தடவை வந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை கறுப்பாகவே நின்றால் மின்ட் மெனுவில் இருக்கும் காம்பேட்டிபிலிட்டி மோடில் போய்ப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாமல் எழுப்பும் வழி அது.

மின்ட் இப்போது பென் டிரைவில் இருந்தே ஓடும். டிஸ்க்கில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. இங்கேயே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை தெரிகிறதா, மானிட்டர் முழு அளவில் இருக்கிறதா, சஸ்பெண்ட் செய்தால் எழுந்திருக்கிறதா. வைஃபை தெரியவில்லை என்றால் ஆண்ட்ராய்டு மொபைலை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங்கை ஆன் செய்யுங்கள். டிரைவர் எதுவும் போடாமல் நெட் வந்துவிடும்; வைஃபைக்கான டிரைவரை அதை வைத்தே இறக்கிக்கொள்ளலாம்.

நிறுவுவது இப்போதெல்லாம் மூன்று நான்கு திரைகளில் முடிகிறது. காலி டிஸ்க் என்றால் முழுவதையும் அழித்து நிறுவு என்பதைக் கொடுங்கள், பார்ட்டிஷன் தலைவலி வேண்டாம். விண்டோஸும் வேண்டும் என்றால் தனி எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸைப் போடுவதே நிம்மதி. டேலி நம்பி இருக்கும் வீட்டுத் தொழில்காரர்கள் விண்டோஸை அழிக்காதீர்கள். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. நிறுவும் திரையில் எஸ்எஸ்டியே தெரியவில்லையா? பயாஸில் டிஸ்க் அமைப்பு ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும், ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் மெஷினில் இதைத் திடீரென்று மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம், அதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

ஓடிக்கொண்டிருந்தது நின்றால்

கிரப் வரவில்லை, "பூட் டிவைஸ் இல்லை" என்கிறது என்றால் பயாஸுக்குள் போய் டிஸ்க் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் ஒயர் அல்லது டிஸ்க். தெரிகிறது என்றால் பூட் வரிசை மாறியிருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இது சகஜம்.

கிரப் வருகிறது, அதற்குப் பின் நிற்கிறது என்றால், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் முந்தைய கர்னல் இருக்கும். அதில் ஓடினால் புதிய கர்னல்தான் சிக்கல். சில நாள் பழையதிலேயே இருங்கள், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடக்கூடும்.

கரண்ட் போய் வந்த பிறகு கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) என்று அடைப்புக்குள் போட்டு நின்றுவிட்டதா? யூபிஎஸ் இல்லாத வீடுகளில் கேட்கிற புகார் இது. பதற வேண்டாம், பெரும்பாலும் டேட்டா போயிருக்காது. கோப்பு அமைப்பு பாதியில் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பார்ட்டிஷன் என்று மேலே உள்ள வரிகளிலேயே எழுதியிருக்கும். எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை அந்தப் பெயரோடு கொடுத்தால் சரிபார்த்து ஒவ்வொன்றாகக் கேட்கும், முடிந்ததும் ரீபூட். இதே நிலைமை கரண்ட் போகாமலே திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரம் பார்க்கலாம்.

பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் திரும்ப லாகின் திரையே வருகிறது என்றால் டிஸ்க் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அதில் லாகின் செய்து தேவையில்லாததை அழிக்கலாம். சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது பிரதி எடுக்கும் டைம்ஷிஃப்ட் என்ற புரோகிராம் எடுத்துவைக்கும் ஸ்நாப்ஷாட்கள்தான் இடத்தை விழுங்கியிருக்கும். இரண்டு மூன்று மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி அமையுங்கள். டைம்ஷிஃப்ட் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், அப்டேட்டில் எதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி. ஆனால் அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். உங்கள் படங்களுக்கும் கோப்புகளுக்கும் வெளியே தனி டிஸ்க்கில் ஒரு பிரதி வேண்டும்.

என்விடியா டிரைவர் போட்ட பிறகு ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்தால் அவசரப்பட்டு கன்டினியூ கொடுக்காதீர்கள். செக்யூர் பூட், அதாவது நம்பகமான முத்திரை உள்ளவற்றை மட்டும் ஓட விடும் அமைப்பு, ஆன் ஆக இருந்தால், டிரைவரை நம்பலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்கும் இடம் அது. எம்ஓகே (MOK) எனும் சாவியை என்ரோல் செய்யும் வரியைத் தேர்ந்தெடுத்து, டிரைவர் போடும்போது நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் மதியம் மட்டும் மெஷின் மெதுவாகிறது என்றால் லினக்ஸைத் திட்டாதீர்கள். அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது பிராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூலரில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டினாலே வித்தியாசம் தெரியும். சென்சார்ஸ் (sensors) கட்டளை வெப்பநிலையைக் காட்டும்.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மாறி மாறிப் போகிறவர்களுக்குக் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்பின் காட்டும். விண்டோஸ் போர்டின் கடிகாரத்தில் இந்திய நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையில் உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தச் சொன்னால் இரண்டும் ஒத்துப்போகும்.

தமிழ் தட்டச்சு, பிரிண்டர்

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் (ibus) எம்17என் (m17n) தொகுப்பும் நிறுவினால் தமிழ்99, ஃபொனெடிக் இரண்டும் கிடைக்கும். லாக் அவுட் செய்து திரும்ப வந்தால்தான் பட்டியலில் தெரியும்.

பிரிண்டரில் எச்பி பெரும்பாலும் இணைத்தவுடன் ஓடும். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் எங்கும் இருக்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் மல்லுக்கட்ட வைக்கும். அது தனக்கென்று ஒரு மொழியில் பேசுகிற பிரிண்டர். ஏற்கெனவே அதுதான் வீட்டில் இருக்கிறது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

எங்கேயாவது சிக்கி மற்றவர்களிடம் கேட்க வேண்டி வந்தால், சென்னையில் ஐலக்சி என்கிற லினக்ஸ் பயனர் குழு பல வருடமாக இருக்கிறது; பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள். கேட்கும்போது போர்டு மாடல், பிராசசர், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்தப் படி வரை போகிறது, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். திரையில் வந்த பிழையை உங்கள் வார்த்தையில் சுருக்காமல் அப்படியே படம் எடுத்து இணையுங்கள். போன பூட்டில் என்ன நடந்தது என்பதை ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை எடுத்துத் தரும், அதையும் ஒரு கோப்பாகச் சேர்த்து அனுப்பலாம்.